மணமும் நினைவும் நகையும்

நெடுங்காலம் பிரிந்திருந்த பள்ளித் தோழர் சிலர் ஒரு திருமண வீட்டிலோ கோயில் வீதியிலோ ஒன்றுகூடுகின்றனர். ஒருவர் வைத்தியர், ஒருவர் வங்கியில் உயர்பதவி வகித்து இளைப்பாறியவர், மற்றொருவர் கடல்கடந்த நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். இத்தகையோர் கூடினால் உலக நடப்பையோ உடல்நலத்தையோ பற்றித்தான் பேசுவார்கள் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழ்வதில்லை. சுகம் விசாரித்து முடிந்த சிறிது நேரத்தில், பள்ளிவாயிலில் விற்ற உப்பு மாங்காயும், தெருவைப் பெருக்கிய அகன்ற காற்சட்டையும், யாரோ ஒருவர் அள்ளிப் பூசிவந்த வாசனைத் தைலமும் பேச்சினுள்ளே புகுந்துவிடுகின்றன. பின்னர் எழுவது சிரிப்பே. அருகிலிருக்கும் மனைவியரும் மக்களும், இவர்களுக்கு வேறு பேச்சில்லையா என்று வியப்பர்.

இப்பேச்சு பயனற்ற பேச்சா? மனிதர் தம் இளமையைப் பற்றிப் பேசும்போது, பெற்ற பரிசுகளையும் கற்ற பாடங்களையும் விட்டுத் தின்பண்டத்தையும் உடையையும் மணத்தையும் பற்றுவது ஏன்? அவற்றைப் பற்றிப் பேசும்போது ஏன் சிரிக்கின்றனர்? இவ்வினாக்களுக்கு உடற்கூற்று நூலாரும் உளநூலாரும் கூறும் விடைகள் சுவையானவை. நம் நாட்டு மக்களின் அனுபவத்தோடு ஒட்டிப் பார்த்தால், அவை ஓரளவு நெஞ்சை உருக்குவனவும் ஆகும்.

முதலில் தின்பண்டத்தை எடுத்துக்கொள்வோம். வடபகுதியில் வளர்ந்தவரைக் கேட்டால் கச்சானும், எள்ளுருண்டையும், பனங்காய்ப் பணியாரமும், பனாட்டும், புழுக்கொடியலும், பருத்தித்துறையின் தட்டை வடையும் முன்வரும். கோயில் திருவிழாவில் வாங்கிய தும்புமுட்டாசையும், துவிச்சக்கரவண்டியிற் பெட்டி கட்டி வந்தவரிடம் வாங்கிய ஐஸ்பழத்தையும் அவர் மறவார். கொழும்பிற் பயின்றவர் சீனிச்சம்பல் வைத்த பணிசையும், முதலை வடிவிலான கிம்புலா பணிசையும், காலிமுகத்திடலின் அவித்த கடலையையும் கூறுவார். மலைநாட்டவருக்குக் குளிர்காலைப் பொழுதில் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியும் சாயத் தேநீரும் போதும். கிழக்கிலங்கையார் தொதலின் பளபளப்பைச் சொல்லும்போதே அவர் கண்ணும் பளபளக்கும்.

இவற்றுள் எதுவும் விலையுயர்ந்த பண்டமன்று. எனினும் இவை மறக்கப்படாமைக்குக் காரணம் நாவன்று, மூக்கு. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு முதலிய சில சுவைகளையே நாக்கு பிரித்தறியும். மற்றெல்லா நுட்பமும் வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்கினுள் ஏறும் ஆவியினாலேயே அறியப்படுகின்றது. மூக்கை விரலாற் பொத்திக்கொண்டு ஒரு துண்டுப் பனாட்டை மெல்பவருக்கு இனிப்பு மட்டுமே தெரியும். விரலை எடுத்த மறுகணம் பனையின் வாசம் முழுவதும் திரண்டுவரும். தடிமன் பிடித்தவருக்கு உணவு சப்பென்றிருப்பதும் இதனாலேயே.

மூக்கின் மேற்கூரையில் மணத்தை ஏற்கும் நுண்ணிய நரம்புக் கலங்கள் உள. அவற்றிலமைந்த ஏற்பிகளை ஆக்கும் மரபணுக்களின் பெருங்குடும்பத்தை அமெரிக்க அறிஞர் றிச்சர்ட் அக்செலும் லிண்டா பக்கும் 1991 ஆம் ஆண்டிற் கண்டறிந்து வெளியிட்டனர்; அதற்காக 2004 ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்றனர். மனிதரிடத்துத் தொழிற்படும் மண ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகையின. ஒரு மணம் ஓர் ஏற்பியை மட்டும் தூண்டுவதில்லை. பலவற்றைச் சேர்த்துத் தூண்டும். சில எழுத்துகள் கூடிப் பல்லாயிரஞ் சொற்களை ஆக்குவதுபோல, இவ்வேற்பிகளின் சேர்க்கையால் எண்ணிறந்த மணங்களை மனிதன் வேறுபடுத்தி உணர்கின்றான்.

அம்மணச் செய்தி மூளையுட் செல்லும் வழியும் தனிப்பட்டது. காட்சியும் கேள்வியும் பரிசமும் மூளையின் நடுவணுள்ள இடைநிலையம் ஒன்றைத் தாண்டியே மேற்பகுதியை அடையும். மணமோ அங்குக் காத்து நில்லாது, உணர்ச்சிக்குரிய பகுதியையும் நினைவுக்குரிய பகுதியையும் நேராகவே சென்று தொடுகின்றது. கந்தோருக்கு வருவோரெல்லாம் வாயிற்காவலரிடம் பெயர் எழுதிச் செல்ல, ஒருவர் மட்டும் அடுக்களை வழியாக உள்ளே நுழைந்து வீட்டுக்காரரின் தோளைத் தட்டுவதுபோன்றது அது. ஆகவேதான் ஒரு மணம் எழும்போது, அது இன்னதென்று பெயர் தோன்றுமுன்பே நெஞ்சு நெகிழ்ந்துவிடுகின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. ஒரு புகைப்படம் நூறுமுறை பார்க்கப்படும். ஒரு பாட்டு வானொலியில் ஆயிரமுறை கேட்கப்படும். ஒவ்வொரு முறையும் புதிய அனுபவம் ஒன்று அதன்மீது படிய, பழைய அனுபவம் மங்கும். மணமோ முதன்முதல் எதனோடு சேர்ந்து வந்ததோ அதனையே இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. ஊரை விட்டு முப்பது ஆண்டு பிரிந்திருந்தவர் இடையிலே பனம்பழத்தை முகர்ந்திருக்கமாட்டார். எனவே அம்மணம் மீண்டும் மூக்கில் ஏறும்போது, இடைப்பட்ட காலம் குறுக்கே நில்லாது ஒதுங்கிவிடுகின்றது.

நினைவுகள் எவ்வயதிற்குரியன என்பதிலும் ஓர் ஒழுங்கு காணப்படுகின்றது. நடுவயதைக் கடந்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் நிகழ்ச்சியைக் கூறுமாறு கேட்டால், பெரும்பாலோர் பத்து வயதிற்கும் முப்பது வயதிற்கும் இடைப்பட்ட நிகழ்ச்சிகளையே கூறுகின்றனர். சொல்லுக்குப் பதிலாக ஒரு மணத்தைக் கொடுத்தால், பத்து வயதுக்கு முந்திய பருவத்து நிகழ்ச்சிகள் மிகுதியாக எழுகின்றன. தோழர்களின் உரையாடலிலும் இவ்விரண்டு அடுக்கும் தெரியும். தின்பண்டத்தின் வாசம் அவர்களைத் தாயின் அடுக்களைக்கும் தொடக்கப் பள்ளிக்கும் கொண்டுசெல்லும். உடையும், தாமே விரும்பி வாங்கிய வாசனையும் விடலைப் பருவத்துக்குக் கொண்டுசெல்லும். முன்னது பிறர் கொடுத்த இன்பம். பின்னது தாமே தேடிய பெருமை.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்சல் புரூஸ்ற் 1913 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலின் முதற்பகுதியில், தேநீரில் நனைத்த சிறு கேக்குத் துண்டொன்றின் சுவை கதை சொல்பவனின் மறந்துபோன பாலியப் பருவத்தை மீட்டுத்தருகின்றது. உலக இலக்கியத்தில் மிகப் புகழ்பெற்ற தின்பண்டம் அதுவே எனலாம். ஆயினும் அந்நூலின் முதற்படிகளில் அவ்விடத்திலிருந்தது கேக்கன்று. வெறும் வாட்டிய பாண் துண்டே. நினைவைப் போற்றிய ஆசிரியரும் அதனைத் திருத்தி இனிப்பாக்கியே வெளியிட்டார். பழங்கதை சொல்வோர் அனைவரும் ஏறத்தாழ இதனையே செய்கின்றனர்.

இனி, இப்பேச்சிலே நகை புகுவது எவ்வாறு என்று ஆராயலாம். மணத்தைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலான மொழிகளிற் குறைவு. நிறத்தைச் சொல்ல வேண்டின், எப்பொருளையும் சுட்டாது சிவப்பு, பச்சை என்று கூறலாம். மணத்தைச் சொல்ல வேண்டின், மல்லிகை மணம், மண் வாசம், மாம்பழ வாசம் என்று பொருளைச் சுட்டியே கூறவேண்டியிருக்கின்றது. தமிழில் முடை, மொச்சை, வெடில் எனச் சில தனிச்சொற்கள் உள. நாற்றம் என்ற சொல்லும் முற்காலத்தில் நறுமணத்தைக் குறித்துப் பிற்காலத்தில் இழிந்த பொருளை ஏற்றது. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களின் மொழியில் மணத்தின் தன்மையை மட்டும் குறிக்கும் தனிச்சொற்கள் பல இருப்பதை மொழியறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் அது அருகிய நிலையே.

சொல் இல்லாதவிடத்து உவமை பிறக்கும். உவமை மிகுந்தால் நகை பிறக்கும். ஒரு தோழன் பூசிவந்த தைலத்தை விளக்கச் சொல்லின்றித் தவிக்கும் மற்றொருவர், கல்யாண வீட்டுப் பந்தலும் ஆசுப்பத்திரி வாட்டும் ஒன்றாய்க் கலந்த வாசம் என்கிறார். அதனைக் கேட்ட எல்லாருக்கும் அம்மணம் உடனே மூக்கில் ஏறிவிடுகின்றது. ஆகவே இத்தகைய கேலி வெறும் பொழுதுபோக்கன்று. பெயரில்லாத ஒன்றைப் பலர்முன் நிறுத்துவதற்கு அவர்களிடமுள்ள கருவி அதுவே.

தமிழிலக்கணத்தார் இதனை நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்து, அவற்றுள் எள்ளலோடு இளமையையும் பேதைமையையும் சேர்த்தார். பிறரைத் தான் எள்ளுவதால் மட்டுமன்றி, பிறர் தன்னை எள்ளும்போது தனக்கும் நகை தோன்றும் என்பது உரையாசிரியர் பேராசிரியரின் விளக்கம். பழைய நண்பரின் கூட்டத்தில் இம்மூன்றும் ஒருங்கே அமைகின்றன. நகைக்கப்படுவது தம் இளமை, அதிலிருந்த பேதைமை, எள்ளுபவரும் எள்ளப்படுபவரும் அவர்களே.

அமெரிக்க உளநூலார் றொபேட் புறொவைன் கடைத்தெருக்களிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் இயல்பாக எழுந்த 1,200 சிரிப்புகளைக் குறித்து ஆராய்ந்து, 1993 ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டார். அச்சிரிப்புகளுக்கு முன்வந்த பேச்சுகளுள் நகைச்சுவை எனத்தக்கன ஐந்திலொன்றுக்கு மேற்படவில்லை. மற்றவை எல்லாம் சாதாரணப் பேச்சுகளே. தனியே இருப்பவரைக் காட்டிலும் கூட்டத்திலிருப்பவர் ஏறத்தாழ முப்பது மடங்கு மிகுதியாகச் சிரிக்கின்றனர் என்பதும் அவர் கண்ட உண்மை. சிரிப்பு நகைச்சுவைக்கு விடையாவதிலும் உறவுக்கு அடையாளமாவதே மிகுதி. சேர்ந்து சிரித்தவர்கள் உடல்நோவைச் சற்று மிகுதியாகத் தாங்குகின்றனர் என்று இங்கிலாந்து அறிஞர் றொபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2011 ஆம் ஆண்டிற் காட்டினர். நண்பரின் வேடிக்கைப் பேச்சிலே வேடிக்கை குறைவாயினும் சிரிப்பு நிறைந்திருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

உடையைப் பற்றிய கேலிக்குத் தனியான ஒரு கணக்கே உண்டு. ஆங்கில நாட்டு உடை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் லேவர் 1937 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அக்கணக்கை வகுத்தார். ஓருடை வழக்கொழிந்து பத்தாண்டு சென்றபின் அருவருப்பாகத் தோன்றும், இருபதாண்டில் நகைப்புக்கிடமாகும், முப்பதாண்டில் வேடிக்கையாகும், ஐம்பதாண்டில் விநோதமாகும், எழுபதாண்டில் மனங்கவர்வதாகும். நூற்றைம்பது ஆண்டு கழிந்தால் அழகென்றே போற்றப்படும். இது விளையாட்டாக வகுத்த கணக்கேயாயினும், நடுவயது நண்பர் தம் பழைய புகைப்படத்தைக் கண்டு சிரிப்பதும், அவர்தம் பேரப்பிள்ளைகள் அதே உடையை விரும்பி அணிவதும் இதற்குப் பொருந்துகின்றன.

1970 களில் இளைஞராயிருந்தோருக்கு அகன்ற அடியுடைய காற்சட்டை ஒரு கொடிபோன்றது. மேலைநாட்டுக் கடற்படை மாலுமியரின் உடையிலிருந்து நகரத்து இளைஞருக்கு வந்த அவ்வுருவம், திரைப்படத்தினூடாக இலங்கையின் சிற்றூர்களையும் எட்டியது. அதற்கு முந்திய தலைமுறையினர் குழாய்போன்ற ஒடுங்கிய காற்சட்டையை அணிந்தனர். நீண்ட கூர்மையான கழுத்துப்பட்டை, காதை மறைத்த தலைமயிர், உயர்ந்த அடியுடைய பாதணி என்பன ஆண்களின் கோலம். இரட்டைப் பின்னலும் றிபனும் பாவாடை தாவணியுமாய் நின்ற பெண்கள், ‘நைலெக்ஸ்’ சேலைக்கு எப்போது மாறுவோம் என்று நாள் எண்ணினர். மழை பெய்த நாளில் அகன்ற காற்சட்டை வீதிச் சேற்றை வாரியதும், அது துவிச்சக்கரவண்டிச் சங்கிலியிற் சிக்கியதும் எந்நண்பர் கூட்டத்திலும் எழும் கதைகள்.

விடலைப் பருவத்தார் இவ்வாறு ஒரே கோலம் பூணுவதன் காரணம் எளிது. வீட்டாரின் பிள்ளையென்ற நிலையிலிருந்து விலகி, ஒத்த வயதினரின் கூட்டத்திற் சேரும் பருவம் அது. தாம் யார் என்பதை அவர்கள் இன்னும் அறியார். யாரைச் சேர்ந்தவர் என்பதையேனும் உடையாற் காட்ட விரும்புகின்றனர். பிற்காலத்தில் அவ்வுடையைக் கண்டு சிரிப்பவர், உண்மையில் சிரிப்பது துணியையன்று. பிறர் தம்மை ஏற்பார்களோ என்று அஞ்சிய ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை நோக்கி, அஞ்ச வேண்டியிருக்கவில்லையே என்று இரங்கிச் சிரிக்கின்றனர்.

வாசனைத் திரவியமும் அவ்வாறானதே. ஓடிக்கொலோன் என்பதனை இலங்கையில் அறியாதார் இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகரிற் குடியேறிய இத்தாலியரான பரீனா குடும்பத்தார் 1709 ஆம் ஆண்டில் அங்கே தொழில் தொடங்கினர். அந்நகரின் பெயரே அவ்வகை நீருக்கும் ஆயிற்று. ‘4711’ என்று போத்தலிற் காணப்படும் எண்ணோ அந்நகரத்து வீடொன்றின் இலக்கம். ஐரோப்பாவிற் சீமான்களின் கைக்குட்டையை நனைத்த அந்நீர், இங்கே காய்ச்சற்காரரின் நெற்றிச் சீலையை நனைத்தது. ஆகவே ஒருவர் அதனைப் பூசிக்கொண்டு விழாவுக்கு வந்தால், யாருக்குச் சுகமில்லை என்று தோழர் வினவுவர். ஒரே மணம் ஓரிடத்தில் ஒய்யாரமாகவும் மற்றோரிடத்தில் நோயாகவும் பொருள்படுவது, மணத்தின் பொருள் மூக்கிலன்றி வாழ்க்கையிலேயே அமைகின்றது என்பதற்குச் சான்று.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1928 ஆம் ஆண்டில் தோன்றிய ‘பிறில்கிறீம்’, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானப்படை வீரரின் பட்டப்பெயராகவே வழங்கியது. பின்னர் இலங்கை மாணவரின் தலையிலும் மினுங்கியது. குட்டிக்கூரா பவுடரின் வாசம் பல வீடுகளின் காலைப்பொழுதுக்கே உரியதாயிற்று. அத்தரும் சவ்வாதும் சந்தனமும் விழாநாட்களுக்குரியன. 1977 ஆம் ஆண்டின்பின் இறக்குமதி தளர்ந்தபோதும், மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில்தேடிச் சென்றோர் பெட்டிகளோடு திரும்பியபோதும், ‘புரூட்’, ‘சார்லி’ முதலிய புதிய மணங்கள் ஊர்களில் நுழைந்தன. ஒரு போத்தலை வீட்டிலுள்ள அனைவரும், சிலவேளை அயலவரும் பகிர்ந்தனர்.

இளைஞர் இவற்றை அளவின்றிப் பூசியதற்கும் ஓர் உடற்கூற்றுக் காரணம் உண்டு. மூக்கு ஒரே மணத்துக்குச் சில நிமிடங்களிற் பழகிவிடும். பின்னர் அதனை உணராது. பூசியவர் மணம் போய்விட்டதென்றெண்ணி மேலும் பூசுவார். வகுப்பறையின் மறுகோடியில் இருப்பவருக்கோ தலை சுற்றும். தம்மைப் பிறர் கவனிக்க வேண்டும் என்ற அவாவும், மூக்கின் இவ்வியல்பும் சேர்ந்தபோது, நாற்பது ஆண்டுக்குப் பின்னரும் சிரிப்பதற்குரிய கதை ஒன்று ஆயத்தமாகின்றது.

பழைமையை நினைந்து ஏங்குதல் ஒரு காலத்தில் நோயென்றே கருதப்பட்டது. 1688 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் யொஹான்னெஸ் ஹோபர் என்ற இளம் வைத்திய மாணவர் எழுதிய ஆய்வில், வீடு திரும்புதலையும் துயரத்தையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நொஸ்ரால்ஜியா’ என்னும் பெயரை ஆக்கினார். தாயகத்தை விட்டுப் பிறநாட்டிற் பணிசெய்தோர் வாடி மெலிவதை அவர் அப்பெயராற் குறித்தார். அண்மைக் காலத்தில், இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்து உளநூலார் 2006 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் வேறொரு முடிபு காணப்படுகின்றது. தனிமை மிகும்போதே இவ்வேக்கம் பெரும்பாலும் எழுகின்றது. எழுந்தபின், தமக்குச் சுற்றமும் நட்பும் உண்டு என்னும் உறுதியை அது வளர்க்கின்றது. நோய் எனப்பட்டது மருந்தின் தன்மையும் உடையதாயிற்று.

எனினும் அம்மருந்தில் மயக்கமும் கலந்திருக்கின்றது. கேம்பிரிட்ஜ் அறிஞர் பிரெடெரிக் பாற்லெற் 1932 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் காட்டியதுபோல, நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளை எடுப்பதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவதாகும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த காலத்தில் பாணுக்கு நீண்ட வரிசையில் நின்றோர், இன்று அவ்வரிசையை மறந்து பாணின் வாசத்தை மட்டும் போற்றுவதுண்டு. அக்காலத் தின்பண்டங்கள் அத்துணை இனித்தமைக்கு, அவை அரிதாகவே கிடைத்தமையும் ஒரு காரணம். பழையன யாவும் சிறந்தன எனக் கொண்டு இக்காலத்துப் பிள்ளைகளின் விருப்பத்தை இகழ்வது நினைவின் மயக்கமேயன்றி நினைவின் பயனன்று.

இம்மயக்கத்திலிருந்து காப்பதும் நண்பரின் கேலியே. தனியே நினைப்பவர் தம்மைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சாட்சிகள் நடுவே அது செல்லாது. ஒருவர் தொடங்கும் கதையை இன்னொருவர் திருத்துவார். மூன்றாமவர், அன்று கச்சானுக்குக் காசு கொடுத்தவர் யார் என்பதை நினைவூட்டுவார். நெருங்கிப் பழகியோர் நினைவைத் தம்முட் பங்கிட்டு வைத்திருக்கின்றனர் என்பது அமெரிக்க உளநூலார் டானியல் வெக்னர் 1980 களில் எடுத்துரைத்த கருத்து. ஒருவரிடம் பெயர் இருக்கும். ஒருவரிடம் இடம் இருக்கும். ஒருவரிடம் மணம் இருக்கும். மூவருங் கூடினாலன்றி அந்நாள் முழுமையாக மீளாது.

இலங்கைத் தமிழ் பேசும் மக்களுக்கு இஃது உளநூலாரின் கருத்து மட்டுமன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் மலைநாட்டின் எத்தனையோ வகுப்பறைகளில் ஒரு வாங்கில் இருந்தோர் இரு நாட்டவராயினர். 1983 ஆம் ஆண்டின் வன்செயலுக்குப்பின் பலர் கடல் கடந்தனர். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அயல்வீட்டு அத்தரின் வாசமும் அவ்வூர்களை விட்டு அகன்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்தது சிறிது; விட்டது பெரிது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கீழ்க்கரையின் வீடுகளோடு அவற்றிலிருந்த புகைப்படங்களையும் கொண்டுசென்றது. படமும் வீடும் போனபின், மீதியாய் நிற்பது தோழரிடம் பங்கிட்டு வைத்த நினைவு ஒன்றே.

அத்தகைய நாட்களைப் பற்றியும் அவர்கள் சிரித்தே பேசுகின்றனர். 1990 முதல் வடபகுதிக்கு எரிபொருள், மின்கலம், சவர்க்காரம் முதலியன செல்வது தடுக்கப்பட்டும் கட்டுப்படுத்தப்பட்டும் இருந்த ஆண்டுகளில், பழைய மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஜாம் போத்தலிலே திரியிட்ட விளக்கில் மாணவர் படித்தனர். பனம்பழக் களியாற் சிலர் துணி தோய்த்தனர். அவ்வாறு தோய்த்த சட்டையைக் கொடியிலிருந்து மாடு இழுத்துச் சப்பிய கதையைக் கூறி வயிறு நோகச் சிரிப்போர் உளர். கேட்கும் பிள்ளைகள் அதனை வேடிக்கையென்றே கொள்வர். கூறுபவர்களோ, அச்சிரிப்பின் அடியிலே பசியும் இருளும் அச்சமும் இருந்தமையை அறிவர். தம்மோடு அன்று சிரித்த சிலர் இன்று இல்லாமையையும் அறிவர். நேரே சொல்லின் தாங்கமுடியாததைச் சட்டையையும் மாட்டையும் முன்னிறுத்திச் சொல்லுகின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தகும். எல்லாருடைய இளமையும் ஒன்றன்று. தோழர் எல்லாரும் ஐஸ்பழம் தின்ற நாளில் காசில்லாது ஒதுங்கி நின்றவர் ஒருவர் அக்கூட்டத்தில் இருக்கக்கூடும். ஒரே சட்டையைத் தினமும் தோய்த்து அணிந்தவர் ஒருவரும் இருக்கக்கூடும். தம் வறுமையைத் தாமே எள்ளிச் சிரிக்கும் உரிமை அவருக்கு உண்டு. பிறர் தொடங்கினால் அது தழும்பைக் கீறுவதாகும். நல்ல நண்பர் அவ்வேறுபாட்டை அறிவர். தம்மைத்தாமே முதலில் எள்ளிக்கொள்பவரின் கேலி பெரும்பாலும் எவரையும் புண்படுத்துவதில்லை.

மூக்கும் என்றும் நிலைப்பதன்று. முதுமையிற் கண்ணும் செவியும் தளர்வதுபோல மோப்பமும் தளர்கின்றது. அது மெல்ல நிகழ்வதாற் பலர் உணர்வதில்லை. 2020 ஆம் ஆண்டிற் பரவிய கொரோனாத் தொற்றால் மோப்பத்தை இழந்தோர், உணவின் இன்பமும் உறவினரின் உடல்வாசமும் ஒருங்கே மறைந்தபோதுதான் அப்புலனின் அருமையை அறிந்தனர். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயிலும் மறதி நோயிலும் மோப்பக்குறைவு முன்னறிகுறியாக வருவதுண்டு. ஆதலால் காரணமின்றி மணம் தெரியாதுபோனால் வைத்தியரிடம் கூறுதல் நன்று.

முதியோர் தம் பழைய வாழ்வை மீண்டும் மீண்டும் பேசுவது மூளைத்தளர்ச்சியின் அடையாளம் என்றே வைத்தியர் நெடுங்காலம் எண்ணினர். அமெரிக்க வைத்தியர் றொபேட் பட்லர் 1963 ஆம் ஆண்டில் அக்கருத்தை மறுத்து, வாழ்வின் கணக்கை ஒழுங்குசெய்து மனநிறைவு தேடும் இயற்கையான முயற்சியே அஃது என்று எழுதினார். அதன்பின் முதியோர் இல்லங்கள் பலவற்றில் பழைய பொருள்களையும் பாடல்களையும் மணங்களையும் கொண்டு நினைவைத் தூண்டும் முறை வளர்ந்தது. வீட்டிலே அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆடி, ஆவணியிற் கிடைக்கும் ஒரு பனம்பழமோ, தாளிற் சுற்றிய சிறிது கச்சானோ, மூடியிறுகிய ஒரு பழைய வாசனைப் போத்தலோ போதும். பேசாதிருந்த பாட்டனார் பேசத் தொடங்கக்கூடும்.

அப்போது இளையோர் செய்யவேண்டியன சில. அக்கதையை முன்பே கேட்டதாகக் கூறி இடைமறித்தல் ஆகாது. பண்டத்தின் பெயரென்ன, அதனை எவ்வாறு செய்தார்கள், யாரோடு தின்றார்கள் என்று வினவவேண்டும். பெயர்களையும் செய்முறையையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. புகைப்படம் உருவைக் காக்கும், ஒலிப்பதிவு குரலைக் காக்கும், மணத்தைக் காக்கும் கருவியோ எந்த வீட்டிலும் இல்லை. செய்முறை எழுத்தில் இருப்பின், என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் அடுப்பை மூட்டி அம்மணத்தை மீண்டும் எழுப்பலாம்.

முதியோர் தாமும் தம் பழைய தோழரைத் தேடிக்கொள்ளுதல் வேண்டும். மக்களும் பேரரும் அன்புடையவரேயாயினும், பதினாறு வயதில் ஒருவர் எவ்வாறு இருந்தார் என்பதை அவர்கள் அறியார். அதனை அறிந்தவர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கும் இந்நாளில், ஒரு பழைய நண்பரை அழைத்து, அந்தக் காற்சட்டையை என்ன செய்தாய் என்று வினவுவதற்கு அதிக நேரம் செல்லாது. மறுமுனையிலிருந்து எழும் சிரிப்பு, இருவருக்கும் பொதுவான ஒரு காலம் இன்னும் அழியவில்லை என்பதற்குச் சான்றாகும்.